தென்கரையில் யாரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

சிப்பிமுனை நகராட்சியின் கடற்கரை வரைபடத்தையும் சுற்றுச்சூழல் துணைவிதிகளையும் புதுப்பிக்க ஓர் ஆலோசகரை நியமிப்பது என்று இன்று நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதாக. அதாவது, தீர்மானம் படிக்கப்பட்டபோது பாதி உறுப்பினர்கள் போண்டா தின்றுகொண்டும் மீதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

கோப்பு நேராக என் மேசைக்கு வந்துவிட்டது. நகரமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் மேசை என்பது எல்லாக் கோப்புகளும் வந்து கால் நீட்டிப் படுக்கும் இடம். புது ஆணையர் இளம்பரிதிக்கு முப்பத்தொரு வயது. நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

"அங்கை மேடம், ஜூன் மாசம் ஆலோசகர் கடற்கரையில நிக்கணும்."

என் பெயர் அங்கயற்கண்ணி. அதை முழுதாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை. சரி சார் என்றேன். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். பாதியில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

செபஸ்தியக்கா கருவாட்டுக் கூடையோடு அலுவலக வாசலுக்கு வந்தார். தென்கரையில் கரைவலை இழுக்கிறவர். அறுபது வயது இருக்கும், கயிறு பிடித்துப் பிடித்து உள்ளங்கை பலகை மாதிரி ஆகிவிட்டது.

"இன்னும் நாலஞ்சு வாரந்தாம்மா. காத்து மாறப்போகுது, வாடியப் பிரிக்கணும்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊர் கடலுக்குள் நீட்டிய நாக்கு. வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்போது நூற்று நாற்பது குடும்பங்கள் தென்கரையில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கி வலை இழுப்பார்கள். அந்தக் கொட்டகைகள்தான் வாடி. சித்திரையில் காற்று திசை மாறியதும் எல்லாவற்றையும் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு வடகரைக்குப் போய்விடுவார்கள். தென்கரையில் ஓர் ஓலை மிஞ்சாது. மறுபடி ஐப்பசியில்தான் வருவார்கள். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தானாம்.

ஆனால் நகராட்சிக் கணக்கில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஏழு நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போகும். அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்து படித்துக் காட்டச் சொல்வார். நான் இந்த ஊருக்கு மறுபடி மாற்றலாகி வந்து நாலு வருடம்; நாலு நோட்டீஸ் படித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் பிரிப்பார்கள், பத்து நாளில் திரும்பக் கட்டுவார்கள்.

நோட்டீசுக்கு ஆதாரம், பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கள ஆய்வு அறிக்கை. "தென்கரையில் யாரும் இல்லை. பயன்பாடற்ற மணல்வெளி." புது வரைபடத்திலும் இதே வாசகம் ஏறினால் அந்த இடம் கேளிக்கைப் பகுதியாகிவிடும். சுற்றுச்சுவர், வாகன நிறுத்தம், இசை நீரூற்று. அப்புறம் வாடிகளைத் திரும்பக் கட்ட மண்ணே இருக்காது.

அந்த அறிக்கையை எழுதியது யாரோ ஓர் உதவியாளர். கையெழுத்து தெளிவாக இல்லை.

மார்ச் 27, வியாழன்

ஒப்பந்தப்புள்ளி ஆவணம் தயார். எங்கள் துறையில் எந்த ஆவணத்தையும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. வேறு ஊர் ஆவணத்தை வாங்கி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவோம். அந்த ஊர்க்காரர் இன்னோர் ஊரிலிருந்து வாங்கியிருப்பார். முதன்முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது.

நான் ஒரு மலைநகராட்சியின் ஆவணத்தை வாங்கினேன். ஊர்ப் பெயரை எல்லா இடத்திலும் மாற்றினேன். எண்பத்திரண்டு பக்கம். ஆணையர் நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 30, புதன்

ஒப்பந்தக்காரர்களின் சந்தேகம் தீர்க்கும் கூட்டம். சென்னையிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "சார், நாற்பத்தோராம் பக்கத்துல, சிப்பிமுனை கடற்கரையில காட்டு யானை வழித்தடத்தக் குறிச்சுக் காட்டணும்னு இருக்கு. எத்தனை யானை சார்?" என்று கேட்டார். இன்னொருவர், தேயிலைச் சரிவுகளில் மண்ணரிப்பை அளக்கச் சொல்லியிருப்பதைக் காட்டினார்.

ஆணையர் என்னைப் பார்த்தார். நான் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். கவனிக்கவில்லை சார் என்றேன். திருத்தம் வெளியிட்டு, மறுபடி விளம்பரம் கொடுத்து, புதுத் தேதி குறிக்க வேண்டும். ஐந்து வாரம் போயிற்று.

வெயில் தாங்கவில்லை. தர்பூசணி வாங்கினேன், உள்ளே வெளுப்பு.

மே 9, வெள்ளி

நகரமைப்பு அலுவலர் பதவி உயர்வுக்கான பரிந்துரையில் என் பெயர் போயிருக்கிறது. வீட்டில் இவர் கேசரி செய்தார். கணக்கு வாத்தியார் செய்த கேசரி. ரவை, சர்க்கரை எல்லாம் சரியான விகிதம், நெய் மட்டும் பாசத்தில் கூடிவிட்டது.

ஜூன் 11, புதன்

ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்கிறது. நல்ல நிறுவனம், நல்ல ஆட்கள். ஆனால் முதல் அழைப்பில் ஒற்றை விண்ணப்பம் வந்தால் மறு அழைப்பு விடுவதே வழக்கம் என்று குறிப்பு எழுதினேன்.

"ஏத்துக்க முடியாதா மேடம்?"

"முடியும் சார். ஆனா தணிக்கையில கேப்பாங்க."

தணிக்கை என்ற சொல்லுக்கு எந்த ஆணையரும் ஓர் அடி பின்வாங்குவார். மறு அழைப்பு. இன்று மனசு லேசாக இருந்தது. வரும் வழியில் மல்லிகை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மறுபடியும் அதே நிறுவனம்தான் விண்ணப்பித்திருக்கிறது. மதிப்பீட்டுக் குழு கூடவில்லை. குழுவில் இருக்கும் பேராசிரியருக்கு மகள் கல்யாணம். அவருக்கு வசதியான தேதியைக் கேட்டுத் தபாலில்தான் கடிதம் போட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இவர் கேட்டார்: "ஒரு கோப்பு ரெண்டு நாள் நின்னாலே சோறு இறங்காது உனக்கு. இது நாலு மாசமா நிக்குது, நீ பாட்டுப் பாடிக்கிட்டு வெங்காயம் உரிக்கிற?"

வெங்காயம் உரிக்கும்போது பாடினால் கண் எரியாது என்றேன். அப்படி ஒன்றும் கிடையாது.

ஜூலை 30, புதன்

ஆடிக்காற்று. சைக்கிளோடு ஆளைத் தூக்குகிறது. அலுவலக மாடியிலிருந்து பார்த்தால் தென்கரை வெறிச்சென்று கிடக்கிறது, மணல் மட்டும் புகை மாதிரி ஓடுகிறது.

அந்தப் பழைய அறிக்கையும் இப்படி ஓர் ஆடியில்தான் எழுதப்பட்டது. நிற்கவே முடியவில்லை, மணல் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. அதாவது, விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குழு கூடிவிட்டது. ஆணையரே பேராசிரியருக்குப் போன் போட்டுவிட்டார். கோப்பில் பக்க எண் இடவில்லை என்று ஒரு வாரம் பிடித்து வைத்தேன். அவரே உட்கார்ந்து முந்நூற்றுப் பதினாறு பக்கத்துக்கும் எண் போட்டார். மின்கையெழுத்துச் சாவி காலாவதி என்றேன். மதுரைக்கு ஆள் அனுப்பி அன்றைக்கே புதுப்பித்து வாங்கிவிட்டார். இந்த வேகத்தில் ஓர் அரசு ஊழியர் ஓடி நான் பார்த்ததில்லை. வேறு எந்தக் கோப்பாக இருந்தாலும் நெட்டி முறித்திருப்பேன்.

பணி உத்தரவு போய்விட்டது. முப்பது நாளில் கள ஆய்வு தொடங்கும். இன்னும் ஒன்பது வாரம் இழுத்திருந்தால் ஐப்பசி பிறந்திருக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, நல்ல மனநிலையில் இருந்தார். கேட்டுவிட்டு எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நவம்பர்ல வந்து பாருங்கன்னு ஆணையர்கிட்ட ஒரு வரி சொன்னா முடிஞ்சது. அதுக்கு யானை எல்லாம் எதுக்கு?"

"பழைய ரிப்போர்ட் ஜூலைல போய் எழுதுனது, தப்புன்னு சொல்லணும். உடனே யார் எழுதுனதுன்னு எடுத்துப் பாப்பாங்க."

"பாக்கட்டுமே."

"புரமோஷன் பட்டியல் அக்டோபர்ல வருது."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "ரெண்டையும் காப்பாத்தணும்னு பாக்குற" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அழுகை வந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆலோசகர் முனைவர் மெஹ்ருன்னிசா வந்துவிட்டார். ஐம்பது வயது, தொப்பி, காதில் ஒரு பென்சில். எதைச் சொன்னாலும் பென்சிலை எடுத்து எழுதிக்கொள்கிறார். தென்கரையில் டிரோன் பறக்கவிட முயன்றார்கள். காற்றில் அது கிறுகிறுவென்று சுற்றி ஒரு முள்செடியில் போய் விழுந்தது. நான் மனசுக்குள் கைதட்டினேன்.

செப்டம்பர் 17, புதன்

காற்று ஓய்ந்துவிட்டது. டிரோன் அழகாகப் பறந்தது. திரையில் மணல், மணல், மணல். ஒரு நாய்.

மெஹ்ருன்னிசா மேடம் பென்சிலை எடுத்தார். "ரொம்ப சுலபமா முடிஞ்சிருச்சு. செயற்கைக்கோள் படத்துல யாரும் இல்ல. டிரோன்ல யாரும் இல்ல. உங்க பழைய ரிப்போர்ட்டும் யாரும் இல்லன்னே சொல்லுது. மூணும் ஒத்துப்போகுது."

"அந்தப் படம் எந்த மாசம் எடுத்தது மேடம்?"

"மே. மேகம் இல்லாத மாசத்துலதான் படம் தெளிவா வரும்."

மே, ஜூலை, செப்டம்பர். ஆள் இல்லாத மாதங்களாகப் பார்த்து மூன்று பேர் வந்து, ஆள் இல்லை என்று சாட்சி சொல்கிறார்கள். அதில் ஒரு சாட்சி நான் பெற்றுப் போட்டது. ஏழு மாதமாக நான் கோப்போடு ஒளிந்து விளையாடியதெல்லாம் அந்த நாய் ஓடிய மணலில் வந்து முடிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் எழுதிக்கொண்டு மாலை ரயிலில் போய்விடுவார். எனக்குப் பட்டியல், செபஸ்தியக்காவுக்குச் சுற்றுச்சுவர்.

"அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க மேடம்" என்றேன்.

"ஏன்?"

"அத எழுதுன பொண்ணு உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கடலைப் பாத்ததே இல்ல. வேலைக்கு வந்த புதுசு. ஆடி மாசம் வந்து அரை மணி நேரம் நின்னா. யார்கிட்டயும் எதுவும் கேக்கல. ஒரு இளநி குடிச்சிட்டு, யாரும் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இளநி குடிச்சது நான்தான்."

பென்சில் நின்றது. காற்று எப்போது மாறும், யார் எப்போது வருவார்கள், எந்தப் பக்கம் எத்தனை வாடி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நவம்பர்ல இன்னொரு தடவ வரேன். ஆனா நீங்க சொன்னத உங்க கையெழுத்தோட எழுத்துல குடுத்தாத்தான்" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இந்தத் தடவை எந்த ஊரிலிருந்தும் வாங்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஆணையர் கூப்பிட்டார். முதல் தடவையாக உட்கார்ந்தபடி பேசினார்.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி செஞ்சது தெரியாம செஞ்சது. அத விடுங்க. இந்த ஏழு மாசம்? என்னை யானை தேட வச்சிருக்கீங்க. முந்நூறு பக்கத்துக்கு நம்பர் போட வச்சிருக்கீங்க."

"முந்நூற்றுப் பதினாறு சார்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"முதல் நாளே சொல்லியிருந்தா டெண்டர்லயே நவம்பர்னு போட்டிருப்பேனே மேடம்! எனக்கு என்ன, அவங்க மேல கோவமா?"

போட்டிருப்பார்தான். அவர் அப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. தாமதத்துக்கு மெமோ வரும் என்றார். வரவேண்டும் சார் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

வாடை பிறந்துவிட்டது. தென்கரை முழுக்க ஓலை. கட்டுமரம், வலைக் குவியல், கருவாடு காயும் வாசனை, கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிறு இழுக்கும் ஆணும் பெண்ணும். மெஹ்ருன்னிசா மேடம் ஒவ்வொரு வாடியாகப் போய் எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. டிரோன் பறந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டினார்கள். திரையில் அத்தனை கைகள்.

அவர் எழுதும் புதுத் துணைவிதியில் முதல் விதியே, கரையோர ஆய்வை இரண்டு காற்றிலும் ஒரு தடவை செய்ய வேண்டும் என்பதுதானாம். தென்கரை மீன்பிடித் தொழிலுக்கான பருவகாலப் பகுதி. சுவர் கிடையாது.

சந்தோஷத்தில் செபஸ்தியக்காவிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். கையோடு, அந்தப் பழைய அறிக்கையை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் இந்தச் சந்தோஷம் திருட்டுச் சந்தோஷம்.

அக்கா கயிற்றை விடவில்லை. "நாலு வருசமா படிச்சுக் காட்டுனீங்களே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"போன வருசம் என் மக பேறுகாலத்துக்கு வந்து வாடில படுத்துருந்தா. நோட்டீசு வந்ததும் பச்ச உடம்புக்காரியத் தூக்கிட்டு வெளிய ஓடுனோம். அப்பவும்?"

"தெரியும்."

அக்கா திரும்பி இழுக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையில் கடைசியில் போய் நானும் கயிற்றைப் பிடித்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கை முழுக்கக் கொப்புளம்.

டிசம்பர் 3, புதன்

மெமோ வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கோப்பைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. பதில் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம். பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டேன்: "தாமதம் அனைத்தும் நான் வேண்டுமென்றே செய்தவை. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் தாமதமும் தேவைப்பட்டிருக்காது."

ஆணையர் படித்துவிட்டு, "இவ்வளவு வேகமா நீங்க ஒரு கோப்பு முடிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, நடந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் 10, புதன்

செபஸ்தியக்கா அலுவலகத்துக்கு வந்தார். அன்றைக்குப் பிறகு இன்றுதான். கூடை கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இந்த வருசம் நோட்டீசு வரலையே."

"வராதுக்கா. இனிமே கிடையாது."

"அத எழுதிக் குடுங்க."

"எத?"

"நோட்டீசு இல்லேங்கறத. காலி பண்ணுன்னு பதினோரு தாளு குடுத்தீங்கள்ல. காலி பண்ண வேணாம்னு ஒரு தாளு குடுக்கக் கூடாதா?"

இப்படி ஒரு கடிதத்துக்குப் படிவமும் கிடையாது, முன்மாதிரியும் கிடையாது. பன்னிரண்டு வருட சர்வீசில் யாரும் கேட்டதில்லை. ஆணையரிடம் போய்க் கேட்டேன். "இன்னிக்கே குடுங்க மேடம்" என்றார். நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். தென்கரையில் ஐப்பசி முதல் பங்குனி வரை நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்கள் தொழில் செய்து வாழ்கின்றன. அங்கே யாரும் இல்லை என்று முன்பு எழுதப்பட்டது தவறு. அவர்கள் யாரும் காலி செய்ய வேண்டியதில்லை. முத்திரை வைத்தேன்.

"படிங்க" என்றார். படித்தேன்.

"அடியில என்னமோ போட்டுருக்கே?"

"கையெழுத்துக்கா."

"யாரோடது?"

"என்னோடது."

"பேரச் சொல்லிப் படிங்க."

"செ. அங்கயற்கண்ணி, கண்காணிப்பாளர்."

"முன்னாடி தப்பா எழுதுனது யாரு?"

அது தாளில் இல்லை. பேனாவை எடுத்து, 'முன்பு எழுதப்பட்டது' என்ற இடத்தில் 'முன்பு நான் எழுதியது' என்று அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, முதலிலிருந்து மறுபடி படித்தேன். பிரிவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா தாளை வாங்கி நான்காக மடித்தார்.

"இன்னைக்குத்தாம்மா முழுசாப் படிச்சுருக்கீங்க" என்றார்.